வெண்ணெய் ஒரு கண், சுண்ணாம்பு ஒரு கண்

இந்த வாரத் தபால் பை முழுக்கப் படக்கதைப் புத்தக வாசனை. பிரித்துவிடுவோம்.

ஒரே பக்கத்தில் தமிழும் இங்கிலீஷும் இருந்தால் பையன் தமிழைத் தாண்டி இங்கிலீஷுக்கு ஓடுகிறானே?
— ஓர் அப்பா, சுனாபட்டி, மும்பை

உங்கள் ஸ்டேஷன் போர்டிலேயே பதில் இருக்கிறது. சுனாபட்டி என்றால் மராத்தியில் சுண்ணாம்புக் காளவாய். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று வைக்கிறவர் பையன் இல்லை. "இங்கிலீஷ் படிச்சியா?" என்று தினம் கேட்கிறீர்களே, "தமிழ் படிச்சியா?" என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்?

இருமொழிப் புத்தகமெல்லாம் இந்தக் காலத்து ஃபேஷன்தானே?
— ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், மாட்டுங்கா

ஃபேஷனுக்கு வயது 200 தாண்டிவிட்டது, சார். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைப் பெஞ்சமின் பாபிங்டன் 1822-இல் லண்டனில் தமிழும் இங்கிலீஷுமாக அச்சிட்டார், சொற்பட்டியலோடு. தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரருக்குப் பாடம் எடுத்தவர்கள் அந்தக் குருவின் சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்.

ஒரு வரி தமிழ், உடனே இங்கிலீஷ் என்று வாசித்துக் காட்டுகிறேன். பின்பெஞ்ச் தூங்குகிறது.
— இரண்டாம் வகுப்பு டீச்சர், தாராவி

நானாக இருந்தால் முன்பெஞ்சிலேயே தூங்கியிருப்பேன். அடுத்த வரியில் அர்த்தம் வந்துவிடும் என்று தெரிந்த பிள்ளை இந்த வரிக்கு ஏன் காது கொடுக்கும்?

எழுத்தை ஒரு தாளால் மறையுங்கள். முதல் நாள் படம் மட்டும். கதையைப் பிள்ளைகளே சொல்லட்டும், வீட்டுத் தமிழில், 'வந்துச்சு போச்சு' என்று. அடுத்த நாள் தமிழை வாசியுங்கள். இங்கிலீஷ் அதற்கும் அடுத்த நாள். அதற்குள் கதை மனப்பாடம். புதுசு வார்த்தை மட்டும்தான்.

இடையில் சேவலைக் கூவ விடுங்கள். தமிழில் கொக்கரக்கோ, மராத்தியில் குகூச்கூ, இந்தியில் குக்டூ கூ, இங்கிலீஷில் காக்-அ-டூடுல்-டூ. பின்பெஞ்ச் எழுந்துவிடும். பக்கத்து வகுப்பு டீச்சரும் எழுந்து வருவார். அதற்கு நான் பொறுப்பில்லை.

மராத்திப் பிள்ளைகளும் கலந்த வகுப்பில் நம் கதை எடுபடுமா?
— டியூஷன் அக்கா, செம்பூர்

ஒருமுறை பார்த்தேன். "காக்கா வடையைத் தூக்கிட்டுப் பறந்துச்சு" என்றதும் ஒரு மராத்திக் குட்டி, "யாரோட காகா?" என்றது. அவர்களுக்குக் காகா என்றால் சித்தப்பா. வடை திருடிய சித்தப்பாவைக் கடைசிவரை அந்த வகுப்பு மறக்கவில்லை.

தாய்மொழியில் படிப்பு என்று சட்டம் சொல்கிறதாமே?
— கட்சித் தொண்டர், தாராவி

2009 கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது, 2020 தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. கொள்கைப்படி, குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுமொழியில், 'இயன்றவரை'. அந்தக் கொள்கையிலேயே ரொம்ப உழைக்கிற வார்த்தை அதுதான்.

மராத்திக்கும் நமக்கும் புத்தக உறவு ஏதாவது?
— கல்லூரி மாணவி, சயான்

ஏதாவதா! ஈசாப் கதைகளை மராத்தியில் அச்சடித்தது சரபோஜி மன்னரின் அச்சுக்கூடம், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். எங்கே? புனேயில் இல்லை, தஞ்சாவூரில். பக்கத்து வீட்டுக் காகாவிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்லுங்கள்.

புத்தகம் வாங்கக் காசு?
— அதே டீச்சர், தாராவி

1996-இல் தொடங்கிய சென்னை தூலிகா இருமொழிப் படநூல்கள் போடுகிறது, அதற்குக் காசு வேண்டும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ், மராத்தி இரண்டும் இலவசம், அச்செடுத்துக்கொள்ளவும் தடையில்லை. பிரிண்டரில் மை இருக்கிறதா என்று ஹெட்மாஸ்டரைத்தான் கேட்க வேண்டும்.

புத்தகத்தில் ஒரு மாதிரி, எங்க ஆச்சி சொல்வது வேறு மாதிரி. எது சரி?
— நாலாம் வகுப்புப் பையன், லேபர் கேம்ப்

ஆச்சி. ஏ.கே. ராமானுஜன் 22 மொழி வாய்க்கதைகளைத் தொகுத்து 1991-இல் புத்தகமாக்கினார். அத்தனையும் ஏதோ ஓர் ஆச்சி வாயிலிருந்து கிளம்பியதுதான். உன் ஆச்சி சொல்வதை நீயே எழுதிப் படம் போடு. வடையைப் பாவுக்குள் வைத்தாலும் கேட்கமாட்டேன்.

எங்கள் காக்கா கதை போல மராத்தியிலும் உண்டா?
— அவன் தங்கை, அதே வீடு

உண்டு, கண்ணு. அங்கே குருவிக்கு மெழுகு வீடு, காக்காவுக்குச் சாண வீடு. மழை வந்தது, சாணம் கரைந்தது, காக்கா நனைந்துகொண்டே குருவி வீட்டுக் கதவைத் தட்டிற்று. இங்கே வடை போச்சு, அங்கே வீடு போச்சு. எந்த மொழியானாலும் நஷ்டம் காக்காவுக்கே.