உண்மைப் பிரதி

சனிக்கிழமை விடியப்புறம் மூன்றரை மணிக்கு அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கை முழுக்க விழித்துக்கொண்டது. வான் வந்து நின்று ஹோர்ன் அடித்ததில் முதலில் நாய்கள் எழும்பின, பிறகு அயலட்டை எழும்பியது, கடைசியாகத்தான் எங்கள் வீட்டார் எழும்பினார்கள். அக்காவின் மகள் பட்டதாரியாகப் போகிறாள். எங்கள் பரம்பரையில் முதல் பட்டம். பதினான்கு பேர் இருக்கும் வானுக்குப் பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டோம். அழைப்பிதழோ இரண்டு பேருக்கு. பிள்ளையையும் இரண்டு பேரையும் கழித்தால் மிச்சம் பதினாறு பேர் எதற்கு வருகிறீர்கள் என்று வான்காரத் தம்பி கேட்டான்.

"வெளியில நிண்டு பார்க்க" என்றார் பெரியம்மா.

எங்கள் சனத்தின் அரசியல் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதியதில்லை.

மருமகள் படித்தது கோணேசபுரி வளாகத்தில். நிலாவெளி வீதியில் பஸ் ஏறினால் அரை மணித்தியாலம். ஆனால் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம். சடங்கு தாய்வீட்டில், அதாவது வந்தாறுமூலையில். நூறு கிலோமீற்றருக்கு மேல். நாலு வருடப் படிப்பு, கொரோனாவும் பெற்றோல் வரிசையும் வேலைநிறுத்தமும் நடுவில் புகுந்ததில் ஆறு வருடத்தைத் தொட்டது. வானுக்கு இரண்டு நாள் கூலி 45,000 ரூபாய். அவள் படித்த காலத்தில் மகாபொல உதவிப்பணம் மாதம் 5,000. ஒன்பது மாத மகாபொலவை ஒரு வான் இரண்டே நாளில் குடித்துவிடும் என்று அத்தான் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். அவர் மேசன். கணக்குப் பிழைத்தால் சுவர் சரியும் என்று தெரிந்த மனிசன்.

சீனக்குடாவில் டீசல் அடிக்க நின்றோம். வீதியில் நின்று பார்த்தால் அந்தப் பற்றைக்காட்டுக்குள் 99 எண்ணெய்க் குதங்கள் இருப்பது தெரியாது. வெள்ளைக்காரன் கட்டினான். 1942 ஏப்ரலில் யப்பான்காரன் வந்து குண்டு போட்டான். அதற்குப் பிறகு பெரும்பகுதியைக் குரங்குகள்தான் பாவித்தன. 2022 சனவரியில் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்: இந்திய நிறுவனத்துக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவருக்கும் கூட்டாக 61. கூட்டிப் பாருங்கள், கணக்கு அச்சொட்டாகச் சரி. திருகோணமலைக்காரனுக்கு என்று ஒன்றும் மிஞ்சவில்லை. அதே வருடம் நடுப்பகுதியில், ஆசியாவே கண் வைத்திருக்கும் அந்தக் குதங்களைக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொண்டு, நாங்கள் வெறும் கானோடு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். மருமகள் இறுதியாண்டுக் கட்டுரையைத் தட்டெழுதக் கொடுக்கச் சைக்கிளில் போனது அப்போதுதான்.

கிண்ணியாப் பாலத்தில் பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். கடலையா பாலத்தையா என்று கேட்கவில்லை. 396 மீற்றர். 2009 ஒக்ரோபரில் திறந்தார்கள். அதற்கு முன்பு இங்கே வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு எங்கள் பக்கம் 'பாதை' என்று பெயர். பாதை இல்லாத இடத்துக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தியிருந்தது. பாலத்தைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். நன்றி கெட்டவன் இல்லை. ஆனால் பாலம் திறக்க வந்தவர்களில் எத்தனை பேர் அதன்பிறகு இந்தப் பக்கம் வந்தார்கள் என்று எண்ண ஒரு கையே அதிகம்.

மூதூர் தாண்டும்போது சம்பூருக்குத் திரும்பும் வீதியைக் காட்டி மாமா ஒரு விரிவுரை நடத்தினார். 2006இல் குண்டு விழுந்து ஓடிய சனம், ஊர் திரும்பப் பத்து வருடம் எடுத்தது. அந்த இடைவெளியில் ஊர் சும்மா இருக்கவில்லை. அங்கே நிலக்கரியில் 500 மெகாவாற் மின்சாரம் எடுப்போம் என்று இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2016இல் நிலக்கரி வேண்டாம் என்றார்கள். இப்போது சூரியன். 120 மெகாவாற். 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமரும் எங்கள் சனாதிபதியும் கொழும்பில் இருந்தபடியே திரையில் தொடக்கிவைத்தார்கள். நிலக்கரிக்கும் வெயிலுக்கும் சம்பூரின் விலாசம் தெரிகிறது. தலைவர்களுக்கு அதைத் திரையில்தான் காட்டவேண்டியிருக்கிறது. "இதுக்குள்ள எங்கட பிள்ளையளுக்கு எத்தனை வேலை?" என்று மாமா கேட்டார். சூரியனுக்குக் காவலாளி தேவையில்லை மாமா என்றேன். வானுக்குள் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

வெருகலில் சித்திரவேலாயுதருக்கு நேர்த்தி. மருமகள் சேலை கசங்காமல் இறங்கவேண்டும், பெரியம்மா இறங்காமல் விடமாட்டார், சின்னவன் சத்தி எடுத்துவிட்டான், இடியப்பப் பார்சலில் இருந்த சொதி சிந்தி இரண்டு பேரின் வேட்டியைக் கெடுத்தது. இதற்குள் அரை மணித்தியாலம் போயிற்று. கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி எல்லாம் நித்திரையில் கழிந்தன. வாழைச்சேனையில் கண் விழித்தபோது காகித ஆலையின் நினைப்பு வந்தது. ஒருகாலத்தில் நாட்டுக்கே கடதாசி கொடுத்த ஆலை. பிறகு நெடுங்காலம் படுத்துக்கிடந்தது. கடதாசி செய்யும் ஆலை நிற்கும், கடதாசியில் பட்டம் அடிக்கும் ஆலை மட்டும் ஓயாமல் ஓடும். அதுதான் எங்கள் மாகாணத்தின் கைத்தொழில் கொள்கை.

வந்தாறுமூலையில் வான் நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள், பெரியம்மா இறங்கவில்லை.

"இதுதானே அந்த இடம்?"

ஓம், இதுதான். 1990 செப்டெம்பர் 5. போருக்குப் பயந்து இந்த வளாகத்துக்குள் அகதியாக ஒதுங்கியிருந்த சனத்துக்குள்ளிருந்து 158 பேரை இராணுவம் பிரித்தெடுத்து ஏற்றிக்கொண்டு போனது. போனவர்கள் வரவில்லை. 1994இல் நியமிக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழு சாட்சி கேட்டது, அறிக்கை எழுதியது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2006 டிசெம்பர் 15 அன்று இதே பல்கலைக்கழகத்தின் உபவேந்தர் ரவீந்திரநாத், ஒவ்வொரு சந்தியிலும் துப்பாக்கி நின்ற கொழும்பு நகரத்தில் காணாமற்போனார். இன்றுவரை பதில் இல்லை. உபவேந்தரையே தொலைத்துவிட்டுத் தேடாத அரசாங்கம், தங்கள் விண்ணப்பக் கோப்பைத் தொலைக்காது என்று நம்பித்தான் எங்கள் பிள்ளைகள் வருடாவருடம் முத்திரை ஒட்டுகிறார்கள்.

அக்காவும் அத்தானும் உள்ளே போக, நாங்கள் பதினாறு பேரும் மரநிழலில் பாய் விரித்தோம். நாங்கள் மட்டுமில்லை. கல்முனையில் இருந்து, அக்கரைப்பற்றில் இருந்து, மலைநாட்டில் இருந்து என்று வெளியில் நின்று பார்க்க வந்த குடும்பங்கள் நிறைய. உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. இந்த நாட்டில் பட்டதாரிகளைக் கண்டால் எந்த அமைச்சருக்கும் வாயில் தானாக ஊறும் ஒரு வசனம் உண்டு: நீங்கள் வேலை தேடுபவர்களாக இருக்கக்கூடாது, வேலை கொடுப்பவர்களாக மாறவேண்டும். சொல்கிறவர் வாழ்நாளில் ஒருதரம்கூட சொந்தக் காசில் பெட்டிக்கடை வைத்திருக்கமாட்டார். சரி, கடை வைப்போம் என்று கடனுக்குப் போனால், பிணைக்கு அரச உத்தியோகத்தர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா என்பார்கள். அரச வேலையை நம்பாதே என்று உபதேசம்; அரச வேலைக்காரன் கையெழுத்துப் போடாவிட்டால் சதமும் இல்லை.

பக்கத்துப் பாயில் இருந்தவர் மூத்த மகனைப் பற்றிச் சொன்னார். அபிவிருத்தி உத்தியோகத்தர். ஒரு பிரதேச செயலகத்தில் ஆறு பேருக்கு ஒரு மேசை. "கதிரையால எழும்பி ரீ குடிக்கப் போனா, திரும்பி வரேக்க கதிரை இருக்காது. அதால அவன் ரீ குடிக்கிறதையே விட்டுட்டான்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டிய விதத்தில், எல்லார் வீட்டிலும் ரீ குடிக்காத ஒரு பிள்ளை இருக்கிறது என்று விளங்கியது.

அந்த மகனுக்கு வேலை எப்படிக் கிடைத்தது? 2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவுக்கு முன்னால் பட்டதாரிகள் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் இருந்தார்களே, அதில் ஒருவன். 2020இல் அறுபதினாயிரம் பேருக்கு நியமனம் என்று அறிவித்தார்கள். நாடாளுமன்றத் தேர்தல் முகப்புக்கு வந்ததும் மார்ச்சில் கடிதங்கள் தபாலில் பறந்தன. தேர்தல் ஆணைக்குழு மறித்தது. ஓகஸ்டில் வாக்கு விழுந்து முடிந்தபின் செப்டெம்பரில் பயிலுனராகச் சேர்த்தார்கள், மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவுக்கு. சேர்ந்ததும் தலைமைத்துவப் பயிற்சி. பயிற்சியை யார் கொடுத்தது தெரியுமா? இராணுவம். பட்டம் வாங்கிய பிள்ளைகளை முகாமுக்குக் கூப்பிட்டு வரிசையில் நிற்பாட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். வந்தாறுமூலையில் இருந்து 158 பேரை ஏற்றிப்போன அதே சீருடைக்கு முன்னால், அந்த வளாகத்தில் படித்த பிள்ளை போய் நின்று 'பொறுப்புக்கூறல்' பற்றிக் குறிப்பெடுக்கலாம் என்று யோசித்த மூளைக்கு ஒரு கலாநிதிப் பட்டம் கொடுக்கத்தான் வேண்டும்.

2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட ஏலாது என்று கை விரித்தது. அன்றிலிருந்து புதுக் கண்டுபிடிப்பு: அரசாங்கத்தில் ஆள் கூடிப்போச்சு. கூட்டினது யார்? வாக்குச்சீட்டுக்குப் பதிலாக நியமனக் கடிதம் மாற்றிய வியாபாரிகள். அவர்கள் நிம்மதியாக வீட்டில் இருக்கிறார்கள். குற்றவாளியாக நிற்பது எங்கள் மருமகள், இன்னும் வேலைக்கே போகாதவள்.

காந்தியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த மாகாணத்தில் அந்த மனிசனுக்கு ஓய்வே கிடையாது. மட்டக்களப்பில் அவர் பெயர் வைத்த பூங்காவுக்கு முன்னால் பட்டதாரிகள் காத்துக் கிடந்தார்கள். திருகோணமலைக் கடற்கரையில் அவருடைய சிலைக்குப் பக்கத்தில், 2006 சனவரி 2 அன்று, மாலையில் கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் யாராவது வான் பிடித்திருப்பார்கள். 2019 யூலையில் அதிரடிப்படையினர் உட்பட சந்தேகநபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். போதிய சாட்சியம் இல்லையாம். சிலை இருந்தது. சிலையைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற எங்கள் சட்டத்தில் இடமில்லை.

பின்னேரம் மருமகள் அங்கியோடு வெளியே வந்தாள். பத்தொன்பது பேரும் மாறி மாறிப் படம் எடுத்தோம். வான்காரத் தம்பியும் தொப்பியை வாங்கிப் போட்டு ஒரு படம் எடுத்தான். "எனக்கும் ஏ.எல். மூண்டு பாடமும் பாஸ் அண்ணை. வெட்டுப்புள்ளி காணாமல் போச்சு" என்றான். பெரியம்மா சுருட்டி வைத்திருந்த பட்டத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாது என்றாலும் தலைகீழாகப் பிடித்துவிடக்கூடாது என்ற கவனத்தோடு, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படம் ஒன்றுதான் நன்றாக வந்தது.

இரவு கல்லடியில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் கூடத்தில் படுத்தோம். ஞாயிறு காலை மாமாங்கேஸ்வரர், பிறகு சந்தை, பிறகு ஸ்ரூடியோ, பிறகு மாமாவின் ஒரு பழைய நண்பர் வீட்டில் கட்டாயச் சாப்பாடு. திரும்பி வரும் வழியில் ரயர் ஒன்று காற்றுப் போனது. ஆண்கள் எல்லாம் வீதியில் நின்று ஆளுக்கொரு ஆலோசனை சொல்ல, தம்பி தனியாக ரயரை மாற்றினான். அன்புவழிபுரம் வந்து சேர இரவு பன்னிரண்டரை. அதே நாய்கள் குரைத்தன.

திங்கள் காலை எட்டு மணிக்கு மருமகள் வாசலில் நின்றாள், கையில் பட்டத்தோடு. ஏதோ ஒரு வெற்றிடத்துக்கு விண்ணப்பம், அன்று கடைசி நாள். அங்கி போட்ட வேந்தர் கையால் கொடுத்த பட்டம் அரசாங்கத்துக்குப் போதாது. அதைப் போட்டோக்கொப்பி எடுத்து, இது உண்மைப் பிரதிதான் என்று ஒரு சமாதான நீதவான் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தவேண்டும். பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். அவர் வீட்டு விறாந்தையில், சாரத்தோடு, பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மூலத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாழ்த்துக்கள் பிள்ளை" என்றார். முத்திரையை மையில் ஒற்றி ஒவ்வொன்றாகக் குத்தினார். பத்தாவதைக் குத்தி முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்துக் காணாது மகள். இன்னும் ஒரு இருவது எடுத்துக்கொண்டு வா, ஒரேயடியாப் போட்டுத் தாறன். போன வருசம் பட்டம் வாங்கின பிள்ளை நேற்றும் வந்துட்டுப் போகுது."