மணல் உண்டு, கடல் இல்லை

கடல் வேண்டுமென்று பாரிஸ்காரர்கள் அழவில்லை. ஆனாலும் 2002இல் மேயர் பெர்த்ரான் தெலனோயே, செய்ன் நதிக்கரை விரைவுச்சாலையை மூடி, மணலைக் கொட்டி, தொட்டிப் பனைகளை நிறுத்திக் கடற்கரை ஆக்கிவிட்டார். பெயர் ‘பாரி பிளாழ்’. குடை உண்டு, சாய்வு நாற்காலி உண்டு, எண்ணெய் மினுக்கும் முதுகுகள் உண்டு. ஆற்றில் இறங்க மட்டும் கூடாது. அந்தத் தடை 1923இலிருந்து. பந்தி விரித்து, இலை போட்டு, தண்ணீரும் தெளித்துவிட்டு, சோற்றை மட்டும் தூரத்தில் காட்டிய கதை! (அப்படியும் பந்திக்குக் கூட்டம் குறையவில்லை.)

2025 ஜூலையில் ஒருவழியாக மூன்று இடங்களில் இறங்க விட்டார்கள். இறங்குமுன் எல்லோரும் அண்ணாந்து கொடியைப் பார்க்கிறார்கள். முந்தின நாள் மழை வெளுத்திருந்தால் பெரும்பாலும் சிவப்புதான்: சாக்கடை முந்திக்கொண்டு குளிக்க வந்திருக்கும்.