எங்கள் தீவு

என் சித்தப்பா மகன் மால்டாவில் ஹோட்டல் வேலையில் இருக்கிறான். லீவில் வந்தால் எங்கள் ஹைதராபாத் அமீர்பேட் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தீவுப் புராணம் பாடுவான். காலையில் வலேட்டாவில் காபி, மதியம் ம்டினா கோட்டை, சாயங்காலம் மெல்லீஹா கடற்கரை. ஒரே நாளில் காரில் நாட்டையே முடித்துவிடலாமாம். முடியாமல் என்ன? தீவின் நீளமே 27 கிலோமீட்டர். அமீர்பேட்டில் கிளம்பி அவ்வளவு தூரம் போன பிறகுதான் என் மாமியார், "கேஸை மூடினோமா மாப்பிள்ளை?" என்று ஆரம்பிப்பார்.

"எங்ககிட்டயும் தீவு இருக்குடா" என்றேன்.

நாகார்ஜுனகொண்டா. மால்டாவைக் கடவுள் கடலில் வைத்தார். இதை நாங்களே செய்துகொண்டோம். கிருஷ்ணா நதியின் குறுக்கே நேரு 1955இல் அடிக்கல் நாட்டி, இந்திரா காந்தி 1967இல் திறந்துவைத்த நாகார்ஜுனசாகர் அணையின் தண்ணீர், இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரையே முழுங்கிவிட்டது. அதற்கு முன்பே தொல்லியல் துறையினர் 1954 முதல் 1960 வரை பள்ளத்தாக்கைத் தோண்டி, ஸ்தூபி, விகாரை என்று சிலவற்றைப் பெயர்த்து மலையுச்சியில் திரும்பக் கட்டினார்கள். தண்ணீர் ஏறியது, உச்சி தீவானது. வீடு மாற்றும்போது கிரைண்டர் கல்லை உடைத்தவர்கள் என் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்.

வெள்ளிக்கிழமை அங்கே மியூசியத்துக்கு லீவு என்பதால் சனிக்கிழமை கிளம்பினோம். விடிந்தும் விடியாததுமாக அமீர்பேட்டில் ஜாவா வகுப்புக்கு ஓடும் கூட்டம். சிக்னலில் ஒரு பையன் ஜன்னல் வழியாக மாமியார் மடியில் நோட்டீஸ் போட்டான்: பைதான், டேட்டா சயின்ஸ், வேலைக்கு உத்தரவாதம். அவர் அதைப் பத்திரமாக மடித்து, கொண்டுவந்திருந்த முறுக்குக்கு அடியில் விரித்தார். அந்தப் படிப்புகளுக்கு நான் பார்த்த உருப்படியான பயன் அதுதான்.

"போற வழியிலதானே யாதகிரிகுட்டா?" என்றார் அடுத்து. அது வாரங்கல் சாலை, நாம் போவது இப்ராகிம்பட்டணம் வழி என்றேன். "பெருமாளுக்கு எல்லாம் வழிதான்." 2022இல் புதுசாகக் கட்டித் திறந்த கோயிலை மாப்பிள்ளை இன்னும் காட்டவில்லை என்ற செய்தி மால்டா வரை பதிவானது.

சாகர் 150 கிலோமீட்டர். மால்டாவை நீளவாக்கில் ஐந்து முறை அடுக்கினாலும் மிச்சம் இருக்கும். டிரைவரோ எங்கே கேட்டாலும் "அரை மணி சார்" என்றார். அணையின் ஒரு பாதி தெலங்கானா, மறு பாதி ஆந்திரா. 2023 நவம்பர் கடைசியில் இரண்டு மாநிலப் போலீசும் அணை மேலேயே மல்லுக்கட்டி, கடைசியில் மத்தியப் படை வந்து நின்றது. நாங்கள் சண்டை போடாமல் ஆந்திரா பக்கம் போய், விஜயபுரி சவுத்தில் லாஞ்சுக்குக் காத்திருந்தோம். ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். முறுக்கு தீர்ந்தது, ஆள் சேரவில்லை. சேர்ந்தபோது எல்லாரும் ஒரே கல்யாண வீட்டார்.

தீவில் தம்பி கொஞ்சம் அடங்கினான். இந்தப் பள்ளத்தாக்கில் ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்திருக்கின்றன என்றேன். "உங்க பக்கத்து ஆளுங்க காசு அப்பவே இங்க செலவாயிருக்கு. நீதான் லேட்."

"ஆனா அண்ணா, மால்டாவுல சுத்திட்டு வந்தா ஜில்லுனு கடல்ல விழுவோம். இங்க?"

"லாஞ்சுல இறங்கினா கொஞ்ச தூரத்துல எத்திப்போதலா அருவி இருக்கு."

"குளிக்கலாமா?"

"பக்கத்துலயே முதலைப் பண்ணையும் இருக்கு."

"அப்ப யாதகிரிகுட்டாவே போலாம்" என்றார் மாமியார்.