மண்மேட்டுக்குப் பதிலாக மனிதர்கள்

துப்பாக்கி சுடும் தளத்துக்கு என்னென்ன வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் நீளமாகச் சொல்வார்கள்: குறிப்பலகைக்குப் பின்னால் உயரமான மண்மேடு, பக்கச் சுவர்கள், சிவப்புக் கொடி, தவறிப் பறக்கும் குண்டு விழுவதற்கு ஆளில்லாத வெட்டவெளி. வீண் செலவு! நம் நாட்டில் அதைவிட மலிவான தடுப்பு இருக்கிறதே, ஏழையின் வீடு.

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்தும் பலனில்லை. ஜனவரி 3ஆம் தேதி இறந்துபோனான். 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். தளத்தையும் மூடினார்கள், குண்டு பாய்ந்த பிறகு. ரைபிள் குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேலும் போகும் என்பதை அந்தப் பிள்ளையின் தலையை வைத்துத்தான் அளந்து பார்க்க வேண்டியிருந்ததா?

எங்கள் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பக்கம் கதை வேறு. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022இல் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களிடம் ஒப்படைத்தது. பன்றிக்குப் பின்னால் ரப்பர் வெட்டப் போகிறவர் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டியது யார்? பன்றிதான் போலும். அதே ஆண்டு இடுக்கியில் வேட்டைக்குப் போன பழங்குடி இளைஞர் ஒருவர் நாட்டுத் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். கூடப் போனவர்களே உடலைக் காட்டில் புதைத்தார்கள். அவர்களைப் பிடிக்கச் சட்டத்துக்குக் கை நீண்டது. சீருடை போட்ட தவறு என்றால் அதே கை நிவாரணக் காசோலையோடு நின்றுவிடுகிறது.

இதற்கு நடுவே, படபடவென்று சுடுவதை உல்லாசமாக்க வேண்டும் என்று ஏங்குகிற கூட்டம் ஒன்று. அமெரிக்காவைப் பார் என்கிறார்கள். பார்ப்போம். 2014இல் அரிசோனாவின் சுற்றுலாத் தளம் ஒன்றில் 9 வயதுச் சிறுமியின் கையில் உஸி இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். உதைப்பில் குழல் மேலேறியது. பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தவரே தலையில் குண்டு பட்டு மாண்டார். வேகமாகச் சுடச் சுடக் குழல் மேலே போகும். மேலே போன குண்டு மண்மேட்டைத் தாண்டும். இவ்வளவுதான் விஞ்ஞானம். அதற்குச் சுற்றுலாச் சீட்டு வேறு!

இங்கேயும் கல்யாணப் பந்தலில் வானத்தைச் சுடும் வீரர்களுக்குப் பஞ்சமில்லை. 2019 சட்டத்திருத்தப்படி இரண்டாண்டு வரை சிறை. இல்லையென்றால் ஒரு லட்சம் வரை அபராதம் கட்டிவிட்டு விருந்துக்குத் திரும்பலாம். விழுகிற குண்டு யார் கூரையில் விழுந்தது என்று மாப்பிள்ளை வீட்டார் விசாரிப்பதில்லை.

இனி எந்தத் தளத்துக்கும் விதிப்புத்தகம் வேண்டாம்; ஒரே ஒரு நிபந்தனை போதும். அனுமதியில் கையெழுத்துப் போடும் அதிகாரி, மனைவி மக்களோடு, குறிப்பலகைக்கு நேர்ப் பின்னால் இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு மாதம் குடியிருக்கட்டும். முதல் வாரம் முடிவதற்குள் மண்மேடு மலையாக எழும்பியிருக்கும்.