வடக்கு ஜன்னல்

சூரியன் கிழக்கே உதித்து, உச்சிக்கு வந்து, மேற்கே இறங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை மட்டும் நம்பித் திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டக் கூடாது.

எங்கள் கம்பெனியில் ஷேடு பார்க்கிற ரூமுக்கு வடக்கே பெரிய ஜன்னல். சாயம் போட்டு வந்த துணியை வடக்கு வெளிச்சத்தில் பார்த்தால்தான் நிறம் சரியாகத் தெரியும், அந்தப் பக்கம் நேர் வெயில் எட்டிப் பார்க்காது என்று யாரோ விவரமானவர் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். வாஸ்துக்காரரும் தலையாட்டினார், வடக்கு, குபேரன் திசை. ஒரே ஜன்னலில் வெளிச்சமும் பணமும் வரும் என்றால் எந்த முதலாளி வேண்டாம் என்பார்?

சித்திரை முடிவதற்குள் வெயிலும் வந்துவிட்டது.

விவரமானவர் சொன்னதில் பொய்யில்லை, ஊர்தான் வேறு. மான்செஸ்டர் பக்கத்து மில்களில் கூரையை ரம்பப் பல்லாக அமைத்து, கண்ணாடியை வடக்கே வைத்தார்கள். 53 டிகிரி வடக்கில் நடுப்பகல் சூரியன் வருஷம் பூராவும் தெற்கேதான். திருப்பூர் இருப்பது 11 டிகிரியில். மார்கழி உச்சிவேளையில் 55 டிகிரிக்கு மேல் ஏறச் சோம்பல்படுகிற சூரியன், ஏப்ரல் 19 வாக்கில் நட்ட நடு மண்டைக்கு மேல் நிற்கும். பகல் 12.20-க்கு வாசலில் நின்றால் நம் நிழல் செருப்புக்கு அடியில். (12 மணிக்கு இல்லை. கடிகாரம் ஓடுவது மிர்சாப்பூர்ப் பக்கத்துக் கோட்டுக்கு. சூரியன் திருப்பூர் ஷிப்டுக்கு இருபது நிமிஷம் லேட்.) பிறகு வடக்கே தாண்டினால் ஆகஸ்ட் 24 வாக்கில்தான் திரும்பும். நாலு மாசம், காலை முதல் மாலை வரை, வெயில் வடக்குச் சுவருக்கு.

ஆனியில் கருநீல ரிப் துணி வந்தது. பையர் ஒப்புக்கொண்ட துண்டோடு வைத்துப் பார்த்தால், ஜன்னலோர நிழலில் இரண்டும் ஒன்று. அரை அடி தள்ளி வெயில் பட்டையில் வைத்தால் துணி சிவப்படித்தது. “சாயப்பட்டறைக்காரர் மேல தப்பில்லைங்க, சூரியன் மேலதானுங்க” என்றார் மாஸ்டர். சூரியனுக்கு டெபிட் நோட் போட வழியில்லை.

ஜன்னலை அடைத்தால் குபேரன் கோபித்துக்கொள்வான். ஸ்கிரீன் போட முடிவாயிற்று. அதற்குப் புதுத்துணி வாங்க முதலாளிக்கு மனசு வருமா? ரிஜெக்ட் ஆன ரோலில் கிழித்துத் தொங்கவிட்டார். ரோஸ் கலர். அதன் பிறகு வந்த வெள்ளைப் பனியனெல்லாம் வெட்கத்தில் சிவந்திருந்தன.

கடைசியில் லைட் பாக்ஸ் வந்தது. சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே டி65 என்று ஒரு விளக்கு, 6500 கெல்வின். ஐரோப்பாவின் சராசரி நடுப்பகலுக்கு ஈடான வெளிச்சம் அது. அடுத்த சுவிட்ச் டிஎல்84, அந்த ஊர்க் கடை விளக்கு. ஒன்றில் ஒத்துப்போன நிறம் மற்றதில் பிசகலாம் என்பதால் இரண்டிலும் பார்க்கணும். போட்டுக்கொண்டு நடக்கப்போகிறவர் அந்த ஊர்க்காரர், நியாயம்தான். ஆனாலும் வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது, கதவைச் சாத்தி, கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, கரண்டுக்குக் காசு கொடுத்து ஐரோப்பாவின் மத்தியானத்தை எரியவிடுகிறோம். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட்டு மறுபடி விடியவைக்கிறோம்.

இப்போது மாடியில் சோலார் பேனல், தெற்கே சாய்த்து. திருப்பூர் வெயிலைக் கரண்டாக்கி, அந்தக் கரண்டில் ஐரோப்பா வெயில் எரிகிறது. ஆனி மாசம் மேலே ஏறிப் பார்த்த முதலாளி, பேனல் ஒரு பக்கமும் சூரியன் ஒரு பக்கமும் நிற்கக் கண்டு, போட்டவரைப் போனில் பிடித்தார். வருஷக் கணக்குக்குத் தெற்குதான் லாபம் என்று அவர் விளக்கினார்.

“அது சரிங்க, வடக்கே போறதை யாரு புடிக்கறது?”