முந்தின நாள் கட்சி

எங்கள் நாரணாபுரத்துக்கும் கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மழைகூட இங்கே கணக்குப் பார்த்துத்தான் வரும். அது சரியாக வராததால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் வந்தன. அப்பேர்ப்பட்ட ஊரில், சென்னையிலிருந்து ஒரு புதன்கிழமை சாயங்காலம் புறப்படும் சுற்றுலாக் கப்பலை முன்னிட்டு எங்கள் வீட்டில் பதினோரு நாள் சண்டை நடந்தது.

விஷயம் சின்னது. மதுரையிலிருந்து சென்னைக்கு விமானம். செவ்வாய்க்கிழமையே போய் ஒரு ராத்திரி லாட்ஜில் படுத்தெழுந்து கப்பல் ஏறுவதா, புதன்கிழமை காலையில் பறந்துபோய் நேரே ஏறுவதா? இதில் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

முந்தின நாள் கட்சிக்குத் தலைவர் பெரியப்பா. முப்பது வருஷம் பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். ஓய்வுக்குப் பிறகு ஓர் அச்சகத்தில் தினசரிக் காலண்டருக்குப் புரூப் பார்க்கிறார். அன்னைக்கே கட்சிக்குத் தலைவன் என் தம்பி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை.

“ஒரு மணி நேரத்து ஃப்ளைட்டு பெரியப்பா. பத்து மணிக்கு மெட்ராஸ்ல இருப்போம். கப்பல் சாயங்காலம்தான். லாட்ஜுக்கு எதுக்கு நாலாயிரம் அழணும்?”

“கப்பல் என்ன சிவகாசி டவுன் பஸ்ஸாப்பா, கையக் காட்டுனா நிக்கிறதுக்கு?”

பெரியப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் தொழில் அப்படி. ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். நாடு ஆகஸ்டில் வேர்த்துக்கொண்டிருக்கும்போது எங்கள் ஆட்கள் அடுத்த பொங்கலைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்கள். பட்டாசுக்காரன் அதற்கும் மேலே. ஒரு நாள் தீபாவளிக்கு வருஷம் முழுக்க முன்னாலேயே வந்து நிற்கிறவன். அவனிடம் போய் ஒரு நாள் முன்னால் எதற்கு என்று கேட்டால் அவனுக்குக் கேள்வியே விளங்காது.

சண்டை முற்றியதும் இரண்டு கட்சியும் சரித்திரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டன.

பெரியப்பாவின் முதல் சாட்சி சாமானியப்பட்டவர் இல்லை. சாட்சாத் ராமர். “இலங்கைக்குப் போக ராமரே மூணு நாள் முன்னாடி கடக்கரைக்கு வந்துட்டாருப்பா. திருப்புல்லாணி போய்ப் பாரு, தர்ப்பப் புல்லுல படுத்துக் கெடக்காரு.”

தம்பி இதற்கெல்லாம் அசரவில்லை. மூன்று நாள் புல்லில் கிடந்து என்ன ஆயிற்று? கடலரசன் எட்டிப்பார்க்கவில்லை. அவ்வளவு பொறுமையான மனிதர் கோபப்பட்டு வில்லை எடுத்தார். கடைசியில் பாலம் கட்டித்தான் போனார். அனுமாரைப் பாருங்கள். எங்கள் கட்சி. முன்பதிவு இல்லை, மூட்டை இல்லை. மலைமேல் ஏறினார், தாவினார். வழியில் மைநாக மலை கடலுக்குள்ளிருந்து எழும்பி வந்து, ‘கொஞ்சம் தங்கி இளைப்பாறிப் போங்கள்’ என்றது. நடுக்கடலில் இருந்த ஒரே லாட்ஜ், அதுவும் வாடகை இல்லாதது. தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். போன காரியம் முடிந்ததா இல்லையா?

முதல் சுற்று தம்பிக்கு. பெரியப்பா புராணத்தை விட்டுவிட்டு நிஜக் கப்பலுக்கு வந்தார்.

1888இல் பாரிஸ்டர் படிக்க லண்டன் கிளம்பிய காந்தி, ராஜ்கோட்டிலிருந்து நல்லபிள்ளையாக முன்கூட்டியே பம்பாய் வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் நண்பர்கள், ‘இப்போது கடல் கொந்தளிப்பாக இருக்கும், அப்புறம் போகலாம்’ என்றார்கள். அண்ணன், பயணப் பணத்தை மைத்துனரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். காந்தி சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருப்பவனைக் கண்டால் சாதிப் பெரியவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? கூட்டம் கூட்டினார்கள். கடல் தாண்டுவது குற்றம் என்றார்கள். பையன் கேட்கவில்லை. சாதிநீக்கம் செய்தார்கள். அவரை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவனுக்கு ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்று உத்தரவும் போட்டார்கள். சாதி போய்விடும் என்று பயந்து மைத்துனர் பணத்தைத் தரவில்லை. வேறொருவரிடம் கடன் வாங்கி, செப்டம்பர் 4ஆம் தேதி கப்பல் ஏறினார். அன்றைக்கே வந்து அன்றைக்கே ஏறியிருந்தால், கூட்டம் கூட்ட நோட்டீஸ் எழுதுவதற்குள் ஏடன் தாண்டியிருப்பார்.

இந்தச் சாட்சியைக் கூட்டி வந்தது பெரியப்பாதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் கதை சொல்லும்போதே அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

தம்பிக்கு உற்சாகம் வந்து விவேகானந்தரை இறக்கினான். முன்கூட்டியே போவதில் இந்தியச் சாதனை அவருடையது. சிகாகோ சர்வமத மாநாட்டுக்குப் போக முதலில் யோசனையில் இருந்தவர் நம் பக்கத்து ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதிதான் என்பார்கள். அவர் நீங்கள் போங்கள் என்று சாமியைத் தூண்டினார். சென்னைச் சீடர் அளசிங்கப் பெருமாளும் கூட்டாளிகளும் வீடுவீடாகப் போய்க் காசு திரட்டினார்கள். 1893 மே 31ஆம் தேதி பம்பாயில் பெனின்சுலர் கப்பலில் ஏறினார். ஜூலை கடைசியில் சிகாகோ. போய் விசாரித்தால், மாநாடு செப்டம்பர் 11ஆம் தேதிதான். ஆறு வாரம் முன்னால்! அனுப்பி வைத்த ஒருவருக்கும் தேதி தெரியவில்லை. எங்கள் ஊர்க் காலண்டர் அப்போது இல்லை என்பது பெரியப்பாவின் விளக்கம்.

வீட்டுக்கு வீடு திரட்டிய காசு சிகாகோவில் கரைந்தது. செலவு குறைவு என்று பாஸ்டன் பக்கம் போனார். மாநாட்டில் பேச அறிமுகக் கடிதம் வேண்டும் என்றார்கள். அது அங்கே ஹார்வர்டு பேராசிரியர் ரைட் மூலம் கிடைத்தது. திரும்பிச் சிகாகோ வந்து இறங்கினால், போக வேண்டிய முகவரியைத் தொலைத்துவிட்டிருந்தார். ரயில் நிலையத்துச் சரக்கு வளாகத்தில் ஒரு காலிப் பெட்டிக்குள் படுத்து அந்த ராத்திரியைக் கழித்தார் என்று அவர் சரித்திரத்தில் இருக்கிறது. ஆறு வாரம் முன்னால் போன மனுஷனுக்குக் கடைசி ராத்திரி படுக்க இடமில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தத்துவம் தோன்றியது. முந்தின நாள் எதற்கு என்றால், முந்தின நாளே வந்ததால் வரும் சிக்கலைத் தீர்ப்பதற்கு. சிக்கல் வந்தது, அதைத் தீர்க்க அவகாசம் இருந்தது, நல்லவேளை முன்னாலேயே வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதை நான் சபையில் வைத்தேன். இரண்டு கட்சியும் சேர்ந்து என்னை வெளியே போகச் சொல்லின.

போவதற்கு முன் எங்கள் ஜில்லாவின் சாட்சியத்தைச் சொல்லிவிடுகிறேன். நாரணாபுரத்துக்காரனுக்குப் பக்கத்துத் துறைமுகம் தூத்துக்குடி. அதற்கு ரயில் 1876இலேயே வந்துவிட்டது. ஆனால் சிவகாசிக்கு ரயில் வந்தது 1927இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டு மாட்டுவண்டி கட்டி விருதுபட்டிக்கோ சாத்தூருக்கோ போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். தூத்துக்குடியில் இறங்கினாலும் கப்பல் கரையில் நிற்காது. ஆழம் போதாதென்று மைல் கணக்கில் தள்ளி நிற்கும். படகு பிடித்துப் போக வேண்டும். மாடு, ரயில், படகு, கப்பல் என்று நாலு மாறி ஏறுகிறவன் அன்னைக்கே கட்சியில் எப்படிச் சேருவான்?

அப்படிச் சிரமப்பட்டுச் சீக்கிரம் போனவன் கதி 1907இல் என்ன ஆயிற்று? வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை இறக்கி, வெள்ளைக்காரக் கம்பெனியோடு கொழும்புக்குப் போட்டி போட்டது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. ‘சும்மாவே ஏறு, குடையும் தருகிறேன்’ என்று கடைசியில் வெள்ளைக்காரன் சொன்னதாகச் சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முன்கூட்டியே போய் ஒரு ரூபாய்க்குச் சீட்டு வாங்கிக் கட்டுச்சோற்று மூட்டையோடு உட்கார்ந்திருப்பதாக நான் கற்பனை செய்துபார்க்கிறேன். கடைசி நிமிஷத்தில் ஓடிவந்த சாத்தூர்க்காரர் சும்மா ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, புதுக் குடையை விரிக்கிறார். கொழும்பு வரைக்கும் இவர் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டு போயிருப்பார்.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் இந்தக் கேள்வியே எழவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் தனுஷ்கோடி வரைக்கும் போன காலத்தில், முதல் வகுப்புத் துரை ரயிலிலிருந்து இறங்கித் தலைமன்னார்க் கப்பலில் ஏறினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன சனங்களையோ மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தி, நோய் உண்டா என்று சோதித்துத்தான் விட்டார்கள். முந்தின நாளே போகலாமா என்பது, கிளம்பும் நாள் தன் கையில் இருக்கிறவன் போடும் சண்டை.

கப்பலே காலந்தாழ்த்தினால்? 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் என்றார்கள். அக்டோபர் 10 என்றார்கள். பிறகு 12 என்றார்கள். 14ஆம் தேதி கிளம்பியது. பத்தாம் தேதிக் கப்பலுக்கு ஒன்பதாம் தேதியே ஒருவர் நாகைக்கு வந்திருந்தால் சிக்கல் சிங்காரவேலர், நாகூர் ஆண்டவர், வேளாங்கண்ணி மாதா மூவரையும் ஆளுக்கு இரண்டு முறை கும்பிட்டு முடித்திருப்பார்.

தம்பி கைகொட்டிச் சிரித்தான். எல்லாச் சாட்சியும் அவன் பக்கம். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

“தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆர்டர் வரும். இன்னைக்கே முடிக்கணும்பான். அவசரத்துல மருந்து கலந்தவன் எவனும் திரும்பி வந்து, ‘தப்பாப் போச்சு அண்ணாச்சி’ன்னு எங்கிட்டச் சொன்னதில்ல.”

தம்பி செல்லை எடுத்துச் செவ்வாய்க்கிழமைக்கே டிக்கெட் போட்டான்.

சண்டை முடிந்தது என்று நினைத்தோம். பெரியம்மா காலண்டரைப் பார்த்தாள். செவ்வாய்: சூலம் வடக்கு, பரிகாரம் பால். சென்னையோ வடக்கே இருக்கிறது. பாலைக் குடித்துவிட்டுப் போகலாம் என்றால் பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் ‘பால்’ ‘பல்’ என்று விழுந்திருந்ததைத் திருத்தியவரே அவர்தான். தன் கையால் திருத்திய சூலத்தைத் தானே மீறலாமா?

அப்போதுதான் பரஸ்தானம் வந்தது. கிளம்பும் நாள் சரியில்லை என்றால், நல்ல நாளில் நல்ல நேரத்தில் மூட்டையை மட்டும் போகிற திசையில் உள்ள வேறொரு வீட்டில் வைத்துவிடுவது. சாஸ்திரப்படி பயணம் அப்போதே தொடங்கிவிட்டது. விமானக் கம்பெனிக்காரன் பெட்டியை முதலில் வாங்கிக்கொண்டு ஆளைப் பிறகு ஏற்றுவதை நம் பாட்டன்மார் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். திங்கள்கிழமை ராகுகாலம் கழித்துப் பத்தேகாலுக்குப் பெரியப்பாவின் பெட்டி வடக்கு வீட்டுக்குப் புறப்பட்டது. மொத்தம் பதினெட்டு அடிப் பயணம்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் பெரியப்பாவுக்கு ஒரே நடுக்கம். அங்கே கைப்பையைத் துணியால் துடைத்து, வெடிமருந்து வாடை உண்டா என்று மெஷினில் வைத்துப் பார்ப்பார்களாம். முப்பது வருஷ மருந்து, அது பாட்டுக்குக் கத்திவிட்டால்? துடைத்தார்கள். வைத்தார்கள். மெஷின் மூச்சுக் காட்டவில்லை. போகச் சொன்னார்கள். பெரியப்பா நகரவில்லை.

“நல்லாப் பாத்தியாப்பா? முப்பது வருசம்!”

மனசு விட்டுப்போனார். சென்னை வரைக்கும் பேசவில்லை.

லாட்ஜில் ராத்திரி ஏழு மணிக்கு மாத்திரை போடப் பெட்டியைத் தேடினார். பிரஷர் மாத்திரை, பெரியம்மாவின் இன்சுலின், கப்பல் சீட்டின் பிரிண்ட் எல்லாம் அதில்தான். பெட்டி எங்கே? திங்கள்கிழமையே கிளம்பிப் போன பெட்டியைச் செவ்வாய்க்கிழமை கிளம்பிய நாங்கள் எடுக்க மறந்திருந்தோம். சாஸ்திரப்படி அது எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நிஜப்படி வடக்கு வீட்டுத் திண்ணையில் இருந்தது.

போன் போட்டோம். வடக்கு வீட்டுப் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிவகாசி ஸ்டேஷனுக்கு ஓடிப் பொதிகையைப் பிடித்தான். காலையில் எழும்பூரில் கொண்டுவந்து கொடுத்தான். கப்பலுக்கு இன்னும் அரைநாள் இருந்தது.

பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார். “பாத்தியா? முந்தின நாளே வரப்போயித்தான் பெட்டி கைக்கு வந்துச்சு.”

என் தத்துவத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தம்பியும் அதையே பிடித்துக்கொண்டான். “முந்தின நாளே வந்ததாலதான பெரியப்பா சூலம்? இன்னைக்கு வந்துருந்தா பெட்டி நம்ம கூடவே வந்துருக்கும்ல?”

பெரியப்பா அவனை நிதானமாகப் பார்த்தார்.

“புதனுக்கும் வடக்கதான்டா சூலம். நானே புரூப் பாத்தேன்.”