சொறிதலும் சொறிதல் நிமித்தமும்

ஒரகடத் திணைக்கு நிலம் கம்பெனி ஷெட். பொழுது நைட் ஷிஃப்ட் முடியும் விடியல். கருப்பொருள்: சேஃப்டி ஷூ, ஈரம் காயாத சாக்ஸ், ஓர் அறைக்கு எட்டுப் பேர், ஒரே கொடியில் எட்டு லுங்கி. உரிப்பொருள் தலைப்பிலேயே இருக்கிறது.

பூஞ்சை நோய் மூவகைத்து. விரலிடுக்கில் சேற்றுப்புண், முதுகில் தேமல். இவ்விரண்டுக்கும் உரை வேண்டா. பெல்ட் இறுக்கும் இடத்திலும் தொடையிடுக்கிலும் வளையமாக விரியும் படர்தாமரைதான் காப்பியம். 1017இல் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், மறைத்து வைக்கச் சொன்ன மந்திரத்தையே கோபுரமேறி ஊருக்குச் சொன்னார் என்பார்கள். இடுப்புக்குக் கீழே வந்ததை நம் ஆட்கள் பக்கத்துப் பாய்க்காரனிடம்கூடச் சொல்வதில்லை.

வைத்தியம் பார்ப்போருள் முதல்வர் இலைவாதியர். சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவர். பூஞ்சையை அடக்கும் குணம் அதற்கு உண்டுதான். வாடகை அறையில் அம்மி ஏது?

அடுத்தவர் ட்யூப்வாதியர், பெருங்கூட்டம். “அண்ணே, அரிப்புக்கு ஒண்ணு குடுங்க” என்றதும் கவுன்டரைத் தாண்டி வருவது பெரும்பாலும் கூட்டுக் களிம்பு: பூஞ்சைக்கொன்று, பாக்டீரியாவுக்கொன்று, கூடவே குளோபெட்டசால் என்னும் ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவந்த விளிம்பு மங்கும். பூஞ்சையோ அடியில் சாவகாசமாகப் பரவும். ட்யூபைப் பேஸ்ட் போல அடிவரை சுருட்டிப் பிதுக்கி முடித்த வாரமே வளையத்துக்குள் வளையம் எழும். இதை ‘டீனியா இன்காக்னிட்டோ’ என்பர் மருத்துவர். மாறுவேடத் தாமரை என்க. 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு 2018இலேயே ஆணையிட்டது. அது எத்தனை கவுன்டர்களுக்கு எட்டியது என்பது வேறு ஆராய்ச்சி.

மூன்றாமவர் பாதிவாதியர். டாக்டரிடம் போவர், டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் வாங்குவர், பத்தாம் நாள் அரிப்பு நின்றதும் மீதி அட்டையைப் பையில் போட்டு ஊருக்கு ரயிலேறுவர். பூஞ்சை தன் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெராலைச் செய்யவிடாமல் தடுப்பது அம்மருந்து. அதற்கு மசியாத இனம் ஒன்றுக்கு 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வைத்த பெயர் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே. நம் நாட்டுப் பெயருக்கு இப்படியும் ஒரு பெருமை! அந்த இனத்துக்கு இப்போது இட்ராகொனசோல் தருகிறார்கள். அந்தக் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். கேஸ் மாத்திரை சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. கேன்டீன் சாம்பாரை நம்பி வாழ்பவர்க்கு இது கடினமான விதி.

தம்பி, ட்யூபின் பின்பக்கப் பொடி எழுத்தை செல்போன் டார்ச்சில் ஒருமுறை படி. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஸ்டீராய்டுப் பெயர் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோல் டாக்டரிடம் போ. அறையிலுள்ள மற்ற ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு போ.